போன், பிள்ளை, மனசு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் பெற்றோர் கூட்டம், கல்லூரியில் மாணவர்களோடு ஒரு மணி நேரம், ஊர் நூலகத்திலும் பங்கு ஆலயத்திலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு என்று மனநல ஆலோசகராக நான் போகும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. களியக்காவிளையில் கேட்பதைத்தான் ஆரல்வாய்மொழியிலும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க டீச்சர். போன் பாத்தா பிள்ளைகளுக்கு மனநோய் வருமா?

வரும் என்பவர்களும் வராது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரசிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் விவரங்களை அலசி 2019-ல் ஒரு முடிவு சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் இருக்கும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிகிறதாம். மறுபக்கம், ஃபேஸ்புக் 2004 முதல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகத்தான் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த கல்லூரியையும் இன்னும் சேராத கல்லூரியையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஃபேஸ்புக் வந்த இடத்தில் மாணவர்களின் மனச்சோர்வு கூடியிருக்கிறது என்று அது சொல்கிறது.

இரண்டையும் நான் நம்புகிறேன். லட்சம் பேரைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது, போனால் ஒரு நல்ல தோழி கிடைத்தவளும் போனால் மிரட்டப்பட்டவளும் ஒரே கணக்கில் கலந்து காணாமல் போகிறார்கள். என் முன்னால் வந்து உட்காருபவர்கள் அந்த இரண்டாம் வகை. அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்டது இது: போனில் நடந்தது ஒரு பங்கு என்றால், அதை வீட்டில் சொல்ல முடியாமல் போனது மூன்று பங்கு கெடுக்கிறது. கீழே பல பதில்களில் இந்தப் பேச்சு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு. பியூ ஆய்வு மையம் 2025-ல் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கெடுப்பில், வளரிளம் பருவத்தினரில் 48 சதவீதம் பேர் சமூக வலைதளம் தங்கள் வயதினருக்குப் பெரும்பாலும் கெடுதல்தான் என்றார்கள். தனக்கே கெடுதல் என்று சொன்னவர்கள் 14 சதவீதம். நம் ஊர்ப் பெற்றோர் கூட்டத்திலும் கேட்டுப் பாருங்கள், எப்போதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் போனால் கெட்டிருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குடுக்கலாம்?

அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ ஆலோசகர் போன்ற சர்ஜன் ஜெனரல் பதவியில் இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டார். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக வலைதளத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் தென்படும் ஆபத்து இரண்டு மடங்கு என்று அதில் இருந்தது. இதைச் சொன்னால் உடனே, "அப்போ ரெண்டே முக்கால் மணி நேரம்னா குழப்பமில்லையே?" என்று ஒருவர் கேட்பார். அப்படி எல்லை கட்ட முடியாது. ஏற்கெனவே மனசு சரியில்லாத பிள்ளையும் போனுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம்.

எத்தனை மணி நேரம் என்பதை விட, எந்த மணி நேரம் என்றுதான் நான் கேட்பேன். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் எழும்புவார். மகனுக்குத் தொட்டதற்கெல்லாம் கோபம், படிப்பும் இறங்கிவிட்டது என்பது அவர் புகார். "ஆனா படிக்க மாட்டான்னு சொல்ல முடியாது டீச்சர். நான் எழும்பும்போது அவன் ரூம்ல கதவிடுக்குல வெளிச்சம் தெரியும். எனக்கு முந்தியே எழும்பிருப்பான், பாவம்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டபோது, "அம்மை எழும்புற சத்தம் கேட்டாத்தான் போனை வெச்சிட்டுப் படுப்பேன்" என்றான்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியிருந்தது தூக்கம்தான். சார்ஜரை அடுக்களைக்கு மாற்றினோம், வீட்டில் எல்லார் போனும் இரவு பத்து மணிக்கு அங்கே போகும் என்று. எல்லார் போனும் என்பதுதான் முக்கியம். அவன் போன் மட்டும் என்றால் அது தண்டனையாகிவிடும், அவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பான். கோபம் அப்படியே மறைந்துவிடவில்லை. ஆனால் தூங்கி எழுந்த பிள்ளையோடு பேச முடிந்தது.

படிக்கத்தான் போன்னு சொல்றான். உண்மையா?

பாதி உண்மை. இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட அசர் 2024 என்ற கல்விக் கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் போனைப் பயன்படுத்தியிருந்தார்கள். சமூக வலைதளத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று யோசிக்க வேண்டாம். ஒரே பிள்ளை இரண்டையும் செய்யும், சில நேரம் ஒரே நிமிடத்தில்.

இன்ஸ்டா பாத்தாலே மனசு சோர்ந்து போவுது. ஆனா பாக்காம இருக்கவும் முடியல. எனக்கு மட்டும்தான் இப்படியா? (கல்லூரி மாணவி)

உனக்கு மட்டும் இல்லை. அந்த நிறுவனத்துக்கே இது தெரிந்திருந்தது. இன்ஸ்டாவின் உரிமையாளரான ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021-ல் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களில் ஒரு வரி உண்டு. தங்கள் உடம்பைப் பற்றி மோசமாக நினைக்கும் வளரிளம் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த நினைப்பை இன்னும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள்.

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி நிறம் உண்டு. 2024 டிசம்பர் 30-ல் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அடுத்த வாரமே ரீல்ஸ் முழுக்க அதுதான். அதற்கு முன் மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சிதறால் மலை. வெளியூர்க்காரன் போடும் படத்தைப் பார்த்து வெளிநாட்டில் இருக்கிறவன் ஏங்கலாம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்தில் இருந்துகொண்டு, "எல்லாரும் போயாச்சு, எங்க வீட்டுல மட்டும் விட மாட்டாவ" என்று ஏங்குவது வேறு மாதிரி வலி. உன் வகுப்புத் தோழி நிற்கிறாள், உனக்குத் தெரிந்த பாறை, உனக்குத் தெரிந்த கடல், அந்தப் படத்தில் நீ இல்லை. நடிகையோடு ஒப்பிடுவதை விட இது ஆழமாக வெட்டும், ஏனென்றால் அங்கே நிற்பவள் எட்டாத உயரத்தில் இல்லை.

அப்புறம் அந்த ஃபில்டர். கடற்கரை வெயிலில் வளர்ந்த பிள்ளையை ஒரே தட்டில் வெளுப்பாக்கி, மூக்கைச் சிறிதாக்கிக் காட்டும் சமாச்சாரம். ஒரு மாணவி தன் ஹால் டிக்கெட்டில் படம் இருந்த இடத்தில் வெள்ளைத் தாளை மடித்து ஒட்டி வைத்திருந்தாள், தேர்வு அறையில் மட்டும் எடுப்பாளாம். அழகான பிள்ளை. தன் முகத்தை இரண்டு வருடமாக ஃபில்டர் வழியே மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு அரசாங்கக் கேமரா எடுத்த முகம் யாரோ மாதிரித் தெரிந்திருக்கிறது.

என்ன செய்யலாம்? கணக்கையே அழித்துவிடு என்று நான் சொல்வதில்லை. 2018-ல் அமெரிக்காவில் ஆட்களுக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார்கள். மனநிறைவு கொஞ்சம் கூடியது, கொஞ்சம்தான். குடும்பத்தோடும் நண்பர்களோடும் செலவிட்ட நேரமும் கூடியது. நாட்டு நடப்பு தெரிவது குறைந்தது. அதனால் முழுக்கத் துறப்பதற்கு முன் சின்னதாக ஒன்று செய்து பார். ஒரு வாரம், ஒவ்வொரு முறை மூடும்போதும் யாருடைய பதிவைப் பார்த்த பிறகு நெஞ்சு கனத்தது என்று மட்டும் குறித்துக்கொள். பெரும்பாலும் ஐந்தாறு பேர்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்களை மியூட் செய். அவர்களுக்குத் தெரியாது, சண்டையும் வராது.

கிளாஸ் குரூப்ல எல்லாரும் அமைதி. எனக்குத் தெரியாம வேற குரூப் தொடங்கிட்டாங்க. இது பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். "இதுக்கெல்லாம் அழுவியா" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் என்னிடம் கேட்கிறாய்.

உளவியலில் சைபர்பால் என்று ஒரு சோதனை உண்டு. கிப்ளிங் வில்லியம்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் உருவாக்கியது. கணினியில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவார்கள். அதில் நீ ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உனக்குப் பந்தே தர மாட்டார்கள். அவ்வளவுதான் சோதனை. சில நிமிடம் நடக்கும் அந்த விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்களுக்கே மனசு சரிந்துபோகிறது, தன்மதிப்பு குறைகிறது. எதிரே விளையாடுவது மனிதர் இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் வலிக்கிறது என்று 2004-ல் வந்த ஆய்வு காட்டியது. முகமே தெரியாத கணினி பந்து தராததற்கே அப்படி என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவள் உன்னை விட்டுவிட்டு குரூப் தொடங்கினால் எப்படி இருக்கும்.

பழைய காலத்தில் இது மத்தியான இடைவேளையோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் அம்மை, பாட்டி, சித்தி பிள்ளைகள் என்று வேறு உலகம். இப்போது இரவு பதினொரு மணிக்கும் நீல டிக் விழுந்து பதில் வராமல் நிற்கிறது. ஒதுக்குவது ஓயாமல் நடக்கிறது.

சிறிய ஊர்களில் இன்னொரு சிக்கல். குரூப்பில் இருப்பவர்கள்தான் டியூஷனிலும், கோவில் கொடையிலும், ஆலயத் திருவிழாவிலும் நிற்பார்கள். பெரிய நகரத்துப் பிள்ளை வேறு கூட்டம் தேடிக்கொள்ளும். இங்கே கூட்டமே ஒன்றுதான். அதனால் முழுக் குரூப்போடும் மோதாதே. அதில் உனக்கு ஓரளவு நெருக்கமான ஒரே ஒருத்தியிடம் நேரில், தனியாக, "நான் எதாவது செஞ்சுட்டேனா?" என்று கேள். குரூப்பில் பதில் சொல்ல எவருக்கும் துணிச்சல் வராது. பத்துப் பேர் பார்க்கும்போது நல்லவர்களும் வாயைத் திறப்பதில்லை.

இவங்க அப்பா மஸ்கட்ல இருக்காரு. தினமும் வீடியோ கால்ல வந்து திட்டுறாரு. இதுவும் ஆன்லைன் பாதிப்புல சேருமா?

சேரும். நான் எதிர்பார்க்காத கேள்வி இது, ஆனால் நம் மாவட்டத்துக்கு ரொம்பச் சரியான கேள்வி. ஆன்லைன் என்றதும் எல்லாரும் முகம் தெரியாத ஆளை நினைக்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் அப்பா, அண்ணன், மாமா இவர்களோடு நடப்பதும் ஆன்லைன் உறவுதான். பல வீடுகளில் அதுதான் முதல் ஆன்லைன் உறவே.

பத்து நிமிட அழைப்பில் அப்பா என்ன செய்வார்? மார்க் கேட்பார். போன் பார்ப்பதைக் கண்டிப்பார், அதையும் போனில்தான். பிள்ளை "ம்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடும். அவருக்கும் ஆசைதான், ஆனால் தூரத்திலிருந்து செய்ய முடிந்த ஒரே அப்பா வேலை கண்டிப்பதுதான் என்று நினைத்துக்கொள்கிறார். அவரிடம் நான் சொல்வது: வாரத்தில் இரண்டு அழைப்பாவது மார்க், போன் இரண்டையும் பேசாமல் இருங்கள். உங்கள் அறையைக் காட்டுங்கள், சமைத்ததைக் காட்டுங்கள், அங்கே நடந்த கூத்தைச் சொல்லுங்கள். சிரித்த அப்பாவிடம்தான் பின்னால் ஒருநாள் பிள்ளை சிக்கலைச் சொல்லும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் நிலைமை தலைகீழ். ஆழ்கடலுக்குப் போகும் அப்பா வாரக்கணக்கில் சிக்னலுக்கு வெளியே. ஒக்கி புயல் 2017 நவம்பர் இறுதியில் அடித்தபோது அந்த ஊர்களில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். கடலில் காற்று என்று கேட்டதும் அவர்கள் போனை விட்டு நகர மாட்டார்கள், ஒவ்வொரு குரூப்பிலும் வருவதைத் திறப்பார்கள். அதைப் போன் அடிமைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அங்கே செய்ய வேண்டியது, வதந்தி வரும் குரூப்பையும் உறுதியான தகவல் வரும் இடத்தையும் பிரித்துக் காட்டுவது.

முகம் பாக்காத நட்பு நட்பா?

சில நேரம் அதுதான் இருக்கிற ஒரே நட்பு. திக்கிப் பேசும் ஒரு பையன், பேச்சிப்பாறைக்கு மேலே மலையோரம் வீடு. வகுப்பில் வாய் திறக்க மாட்டான். சதுரங்கம் ஆடும் ஒரு ஆன்லைன் குழுவில் அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். அங்கே தட்டச்சு செய்கிறான், திக்கு யாருக்கும் தெரியாது. வீட்டில் வெளிப்படையாகச் சொல்ல முடியாத பாலின, பாலீர்ப்புக் குழப்பத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் தன்னைப் போல இன்னொருவர் உலகத்தில் உண்டு என்று முதலில் தெரிவது போனில்தான். அதைப் பிடுங்கினால் மிச்சம் இருப்பது தனிமை.

பணம், படம், தனியாகச் சந்திப்பு, "யாரிடமும் சொல்லாதே". இந்த நான்கில் ஒன்று வந்தாலும் நட்பு என்ற பேச்சு அங்கே முடிகிறது.

கேம் அடிக்ட் ஆயிட்டான்னு சொல்றாங்க. நெஜமாவே அது நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் கேமிங் கோளாறு நடைமுறையில் இருக்கிறது. ஆனால் விடுமுறையில் நாளெல்லாம் விளையாடுவது அதில் வராது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது, இவை மூன்றும் சேர்ந்து வழக்கமாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அங்கே போக வேண்டிய அளவுக்குப் போனவர்கள் சிலரே.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு வேறு கதை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் அதைத் தடை செய்தது. தடைக்கு வெளியே லிங்க் அனுப்புகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், அதனால் அம்மாவின் ஜிபே ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியுமா என்று இன்றே பாருங்கள்.

ஒருத்தன் என் படத்தை வெச்சு மிரட்டுறான். வீட்டுல தெரிஞ்சா செத்தேன். என்ன செய்ய?

முதலில்: இது உன் குற்றம் இல்லை. படத்தை நீயே அனுப்பியிருந்தாலும், மிரட்டுவது அவன் குற்றம்.

பணம் கொடுக்காதே. ஒருமுறை கொடுத்தால் கொடுப்பாய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இன்னொரு படம் அனுப்பினால் பழையதை அழித்துவிடுவேன் என்பான், அழிக்க மாட்டான். பயத்தில் சாட்டை அழித்துவிடாதே. அவன் எண், கணக்கின் பெயர், மிரட்டிய செய்தி, பணம் கேட்ட யுபிஐ ஐடி, தேதியோடு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பிளாக் செய்வது அதற்குப் பிறகு.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியலாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. படம் பரவாமல் தடுக்க இரண்டு இலவசச் சேவைகள் உண்டு: 18 தாண்டியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ, 18 வயதுக்கு முன் எடுத்த படமென்றால் டேக் இட் டவுன். படம் உன் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளக் குறி மட்டும் போய், இதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க உதவும். அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் தளத்திடம் புகார் கொடுத்தால் நீக்குவதற்கு 24 மணி நேரக் கெடுவை 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளே வைத்துவிட்டன.

பெயர் வெளியே வருமா? பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும், சிறார் என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் அதைச் சொல்கின்றன. நாகர்கோவில்காரர் ஒருவர் சமூக வலைதளத்தில் பெண்களோடு பழகி, படம் எடுத்து மிரட்டி வந்த வழக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். 2020-ல் கைது, பிறகு சிபிசிஐடி விசாரணை, 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் கொடுத்த புகாரில்தான் அது வெளியே வந்தது, அதன் பிறகே மற்றவர்களும் புகார் கொடுத்தார்கள். அதுவரை அந்த ஆளுக்குக் காவலாக இருந்தது "வீட்டுல தெரிஞ்சா செத்தேன்" என்ற இதே வாக்கியம்தான்.

பையன்களுக்கும் இது நடக்கிறது. தெரியாத பெண் பெயரில் வீடியோ கால் வரும், சில நொடியில் திரையைப் பதிவு செய்து பணம் கேட்பார்கள். பையன்கள் சொல்வதே இல்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று.

பெற்றோர் இதைப் படித்தால் ஒரு வேலை: இன்று ராத்திரி சாப்பிடும்போது, "உனக்கு யாராச்சும் இப்பிடித் தொல்லை குடுத்தா என்கிட்ட சொல்லு மக்ளே, நான் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அடியை விட அதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

அவன் தூங்கும்போது போனை எடுத்துப் பாக்கலாமா?

பத்து வயது என்றால் தூங்கும்போது எதற்கு, பக்கத்தில் உட்கார்ந்தே பாருங்கள். பதினாறு வயது என்றால் ரகசியமாகப் பார்த்தது ஒருநாள் தெரியும், அன்றே இரண்டாவது கணக்கு தொடங்கிவிடுவான். உயிருக்கு ஆபத்து என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த விதி செல்லாது. அப்போது பாருங்கள், பார்த்ததை அவனிடம் சொல்லியும் விடுங்கள்.

ஆஸ்திரேலியா மாதிரி இங்கயும் தடை போட்டா என்ன?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக வலைதளக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொறுப்பை அங்கே நிறுவனங்களின் தலையில் வைத்திருக்கிறார்கள், அந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே டிக்டாக்கை 2020 ஜூனில் தடை செய்தோம். பிள்ளைகள் ரீல்ஸுக்குப் போய்விட்டார்கள்.

என் மக ஏஐகிட்டதான் மனசுவிட்டுப் பேசுறா. பயமா இருக்கு.

ஏன் அங்கே போகிறாள் என்று முதலில் யோசியுங்கள். அது குறுக்கே பேசாது, "நான் உன் வயசுல" என்று ஆரம்பிக்காது, இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்லும். வெட்கமான ஒரு விஷயத்தை முதன்முதலாக வார்த்தையாக்கிப் பார்க்க அது உதவலாம். ஆபத்து என்னவென்றால், நாம் சொல்வதோடு ஒத்துப்போகும் போக்கு அதற்கு உண்டு. "எல்லாரும் என்னை வெறுக்கிறார்கள்" என்றால் ஆறுதல் சொல்லும். அந்த எல்லாரில் யார் யார் என்று தோழி கேட்பது போலக் கேட்டு மறுக்காது. சாப்பிடாமல் வாடிய முகமும் அதற்குத் தெரியாது. தடுக்காதீர்கள், என்ன பேசினாள் என்று தோண்டவும் வேண்டாம். "அதுகிட்ட சொன்னதுல ஒண்ணு என்கிட்டயும் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

எப்ப பயப்படணும்?

பிள்ளை போனை அதிகம் பார்ப்பதை விட, திடீரென்று பார்ப்பதை நிறுத்திவிட்டால் கவனியுங்கள். செய்தி வந்த சத்தம் கேட்டதும் முகம் வெளுப்பது, சாப்பாடு குறைவது, பிடித்த சட்டையை, பொருளைத் தம்பிக்குக் கொடுப்பது, ஸ்டேட்டஸில் விடைபெறுவது போன்ற வரிகள், "நான் இல்லன்னா நிம்மதியா இருப்பீங்க" என்ற பேச்சு. நாடகம் என்று ஒதுக்காதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது, கேட்க ஆளிருக்கிறது என்று தெரியும். அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

14416, டெலி மானஸ் இலவச எண், இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இன்னொன்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அங்க போனா ஊர்ல பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?

சிலர் சொல்வார்கள். அதற்குப் பயந்து திருவனந்தபுரத்துக்குப் போய்க் காட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். போகட்டும், காட்டினால் சரி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம், 91.75 சதவீதம் என்று பெருமை பேசும் மாவட்டம் இது. அந்தப் பெருமையே பிள்ளைகள் தலையில் சுமையாக ஏறியும் இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டும். தற்கொலைக்கு முயன்றுவிட்டால் போலீஸ் கேஸ் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனைக்குப் பதில் சிகிச்சை தரச் சொல்கிறது.

பிள்ளையோட மார்க்கை நான் ஸ்டேட்டஸ் வெக்கலாமா?

பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். குறைந்த மார்க் வாங்கிய வருஷம் ஸ்டேட்டஸ் வராது என்று பிள்ளைக்குத் தெரியும், குடும்ப குரூப்பில் இருக்கும் சித்திக்கும் தெரியும், அவள் போன் போட்டுக் கேட்பாள்.